முப்பத்தொன்றாம் குப்பியின் மூடி

ஆகஸ்ட் 7, திங்கள்

காலையிலேயே, பாத்திரங்களை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அடம்பிடித்தது. ரப்பர் வளையத்தைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். அதற்குப் பிறகு நல்ல பிள்ளையாக ஆவி பிடித்தது. பிளாஸ்க்குகளைக் கழுவி முடிக்கவே பதினொன்று.

மதியம் பாத்திமாவின் கருத்தரங்கம். ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் எல்லாரும் ஒருமுறை சபையில் நின்றாக வேண்டும். செய்யதலி பாத்திமா, ஊர் மேலப்பாளையம், எங்கள் பாளையங்கோட்டை ஆய்வகத்தில் ஐந்து வருடமாக ஈஸ்ட்டோடு மல்லுக்கட்டுகிறவள். நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளர். பதவியின் பெயர்தான் நீளம். கழுவுவது, காய்ச்சுவது, ஈஸ்ட் ரகங்களைக் குப்பிகளில் உறையவைப்பது, யார் எதைத் தொலைத்தாலும் தேடிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை.

அழகாகப் பேசினாள். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை அம்மா ஒருவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் புரதம் அழியாமல் நிற்கிறது, சரி. அதே ரகத்தில் வேறொரு புரதம் நேரத்துக்கு அழிகிறதா? அதையும் காட்டிவிடுங்கள்." ஒரு வாரத்து வேலை. பாத்திமா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

செப்டம்பர் 29க்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் நவம்பர் ஒன்றாம் தேதி ஜெர்மனியில் வேலை. கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தக் கடிதம் வந்தபோது அவள் வாப்பாவுக்கும் முன்னால், "மலரக்கா" என்று ஓடிவந்து எனக்குத்தான் சொன்னாள். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, வியாழன்

பாத்திமா வீட்டிலிருந்து தேங்காய்ச்சோறு வந்தது. பாதியை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். அம்மா சாப்பிட்டுக்கொண்டே, "அந்தப் புள்ள அப்படி என்னதான் ஆராய்ச்சி செய்யுது?" என்று கேட்டாள். ஐந்து வருடத்தில் இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். ரொட்டியை உப்பவைக்கிற ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிர். அது மொட்டுவிட்டு இரண்டாகப் பிரியும். பிரிவதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புரதம் வேண்டும். கட்டம் முடிந்ததும் அந்தப் புரதம் இருக்கவே கூடாது. இருந்தால் செல்லின் அடுத்த வேலை கெட்டுப்போகும். ஆகவே வேலை முடிந்த புரதத்தின் மேல் செல் ஒரு சீட்டைக் கட்டும். சீட்டு ஏறியதை ஓர் அரவை இயந்திரம் தூளாக்கிவிடும். எதற்கு எப்போது சீட்டுக் கட்டுவது என்று காட்டிக்கொடுக்க இரண்டு பேர் உண்டு. அவர்களுக்கு நானும் பாத்திமாவும் வைத்த பெயர் முதல் மேஸ்திரி, இரண்டாம் மேஸ்திரி. முதலாமவர் பிரிவதன் நடுவில் வருவார். இரண்டாமவர் எல்லாம் முடிகிற நேரத்தில்.

பாத்திமா பிடித்திருப்பது யாரும் இதுவரை கவனிக்காத ஒரு சின்னப் புரதம். எங்கள் பாஷையில் வாடகைக்காரர். செல் பிரிந்து முடிந்ததும் காலி செய்துவிடுவார். இரண்டாம் மேஸ்திரி இல்லாத ஈஸ்ட் ரகத்தில் மட்டும் காலி செய்யாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அவரைக் காலி செய்யவைப்பது இரண்டாம் மேஸ்திரிதான். ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயம் இதுதான். ஜெர்மனிக்காரர்கள் கூப்பிட்டதும் இதற்காகத்தான்.

"போகச் சொன்னா போற வாடகக்காரன எங்க பாத்தே?" என்றாள் அம்மா. அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, வியாழன்

அந்த அம்மா கேட்ட சோதனை முடிந்தது. இன்னொரு புரதம், முதல் மேஸ்திரி கவனித்துக்கொள்கிற ஆள், இரண்டாமவர் இல்லாத ரகத்திலும் நேரத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆன்டிபாடி ஊற்றினால், புரதம் இருக்கிற இடத்தில் பிலிமில் கறுப்பாக ஒரு பட்டை விழும். அந்தப் பட்டை கடைசி வரைக்கும் நிற்கிறது.

"ஆன்டிபாடி பழசாயிட்டுக்கா" என்றாள் பாத்திமா. "புதுசு வாங்கணும்." 

நானும் ஆமாம் என்றேன். அப்புறம் அவளே, "இந்த ரகம் எப்பவுமே சோம்பேறில்லா. வளரதுக்கே ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

போன வருடம் மே மாதம் மைனஸ் எண்பது உறைபெட்டி நின்றுபோனது நினைவுக்கு வந்தது. அன்று ஆய்வகத்தில் நான் ஒருத்திதான். குப்பிகள் உருகுவதற்குள் பக்கத்துத் துறையின் பெட்டிக்கு மாற்ற வேண்டும். கையுறை உறைந்து விரல் மரத்துவிட்டது. இரண்டு குப்பிகளின் மூடி பட்டென்று தெறித்து ஐஸ் வாளிக்குள் விழுந்தது. முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு. எங்கள் ஆய்வகத்தில் எண்ணை மூடியில்தான் எழுதுவோம். குப்பியின் உடம்பில் எழுதும் வழக்கமில்லை. இரண்டு மூடிகளையும் எடுத்து மாட்டினேன். மாட்டும்போதே ஒரு சந்தேகம் வந்தது. சாவகாசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சோதிக்கவில்லை.

முப்பத்தொன்று, இரண்டாம் மேஸ்திரி இல்லாத ரகம். ஐம்பத்தெட்டு, அரவை இயந்திரமே பழுதான ரகம். இரண்டும் இடம் மாறியிருந்தால் பாத்திமாவின் ஈஸ்ட்டில் எந்தப் புரதமும் நேரத்துக்கு அழியாது. வாடகைக்காரர் நிற்பதில் ஆச்சரியமும் இல்லை, அர்த்தமும் இல்லை.

அவளுடைய ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மற்ற மாணவர்கள் எந்தக் குப்பியை வாங்கினாலும் முதலில் சரிபார்ப்பார்கள். போன வருடம் ஜூன் மாதப் பக்கத்தில் இவள் எழுதியிருக்கிறாள்: "ரகம் 31. மலரக்கா கொடுத்தது. சரிபார்க்கத் தேவையில்லை."

ஆகஸ்ட் 19, சனி

இரண்டு குப்பியிலிருந்தும் கொஞ்சம் சுரண்டி, ஈஸ்ட் வளர்க்கிற பிளேட்டுகளில் கோடாகத் தேய்த்தேன். ஒரு செட் முப்பது டிகிரியில், ஒரு செட் முப்பத்தேழில். அரவை பழுதான ரகம் முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் வளராது. மற்றது வளரும். பாத்திமா கேட்டதற்கு, சும்மா என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் என்னவென்று அம்மா கேட்டாள். தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

முப்பத்தேழு டிகிரி. முப்பத்தொன்றாம் எண்: ஒன்றுமில்லை, சுத்தமான பிளேட். ஐம்பத்தெட்டாம் எண்: மாவு தெளித்த மாதிரி நிறைய.

மூடி மாறித்தான் போயிருக்கிறது. என் கையால்.

இதையும் எழுதிவிடுகிறேன். பிளேட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை. இனி செப்டம்பரில் முடியாது, பாத்திமா போகமாட்டாள் என்றுதான் தோன்றியது. இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவில் என் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். அப்புறந்தான் பயம் வந்தது.

இதைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பாத்திமாவுக்கு லேசான தலைவலி. அவளிடம் இன்றைக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

ஆகஸ்ட் 23, புதன்

மாணவர்கள் பெருக்கித் தள்ளியிருந்த காலிப் பெட்டிகளை அடுக்கினேன். சொல்லத்தான் போனேன். விசா படிவத்தில் தாயின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவதா சிறிய எழுத்தில் எழுதுவதா என்று அவள் கேட்டாள். பெரிய எழுத்தில் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு பிளேட்டுகளை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். நன்றாகத் தெரிகிறதுதான். ஆனாலும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகஸ்ட் 24, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். நான் பிளேட்டுகளை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"பாத்திமா, ஒன் முப்பத்தொண்ணு முப்பத்தொண்ணு இல்ல. போன வருசம் மூடிய நான் மாத்தி மாட்டிட்டேன். நீ இவ்வளவு நாளும் வளத்தது அரவை கெட்ட ரகம்."

அவள் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். திருப்பி அடியில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள்.

"இத எப்பம் போட்டிய?"

"சனிக்கிழமை."

"எப்பம் பாத்திய?"

"திங்கக்கிழமை."

"இன்னைக்கு வியாழக்கிழமைல்லா?"

"ஆமா."

"மூடி மாறது யாருக்கும் மாறும்க்கா. அத விடுங்க. மூணு நாளா ஏங்கூட ஒக்காந்துதான சாப்பிட்டிய?"

"பயமா இருந்துச்சுட்டி" என்றேன். பயமாகத்தான் இருந்தது. பயம் மட்டும் இல்லை என்பதை அவளுக்குச் சொல்லவில்லை. 

சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு நூலகத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கேயும் சாப்பிடவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

ஆறுமுகநயினார் சார்தான் அவளுக்கு வழிகாட்டி. இரண்டு பேருமாகப் போய் நின்றோம். சார் பிளேட்டுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மூடியில மட்டும் நம்பர் எழுதுத வழக்கத்த யாரு ஆரம்பிச்சது?" என்றார்.

"நீங்கதான் சார்" என்றேன். 

"அப்பம் எனக்கும் பங்கு உண்டு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வழி ஒன்றுதான். சரியான ரகத்தை எடுத்து, அதில் வாடகைக்காரரைக் கண்டுபிடிக்கிற அடையாளத் துணுக்கைச் சேர்த்து, முழுச் சோதனையும் மூன்று தடவை செய்ய வேண்டும். முப்பத்தைந்து நாள் இருக்கிறது. அதிலும் வாடகைக்காரர் நின்றால் அத்தியாயம் பிழைக்கும், அவள் போவாள். காலி செய்துவிட்டுப் போயிருந்தால் அத்தியாயமும் இல்லை, ஜெர்மனியும் இல்லை.

பாத்திமா சாரிடம் பேசினாள். என்னிடம் பேசவில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

வெள்ளைப் பலகையில் எழுதியிருந்தது: "மீடியா 2 லிட்டர் வேண்டும். - செ.பா." ஈஸ்ட்டுக்குத் தீனியாக ஊற்றுகிற கரைசல் அது. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பலகையில் எழுதுகிறாள். நானும் கீழே எழுதினேன்: "தயார். இரண்டாம் அலமாரி. - எ.பொ." என் முழுப் பெயர் எஸ்தர் பொன்மலர் என்று அவளுக்கு இதுவரை தெரியுமோ என்னவோ.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

பலகை: "முனை வெட்டிய பிப்பெட் டிப்ஸ் தீர்ந்தது." நான் கீழே: "வெட்டி வைத்தாயிற்று. டப்பாவைத் திறந்து பார்க்கவும்." 

ஒரு வார்த்தை பேசாமல் எட்டு மணிநேரம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஆகஸ்ட் 30, புதன்

பலகை: "அக்கா சாப்பிட்டியளா?"

"இல்லை" என்று எழுதினேன். அவள் பின்னாலிருந்து, "எழுதுறதயெல்லாம் நல்லாத்தான் எழுதுதிய. பேசத்தான் வரமாட்டேங்கு" என்றாள். 

மத்திமீன் குழம்பு. அவள் உம்மா எனக்கென்று தனிப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். சண்டை நடந்த நாட்களிலும் அந்தப் பெட்டி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதைத் தினமும் பியூனுக்குக் கொடுத்திருக்கிறாள்! அந்த ஆள் நாலு நாளாக என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததன் காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

செப்டம்பர் 6, புதன்

இன்று முதல் சோதனை. இது ஓர் ஆளால் முடியாது. பிளாஸ்க்கில் கோடிக்கணக்கான செல்கள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் பிரிந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்தினால்தான் எந்தப் புரதம் எப்போது போகிறது என்று பார்க்க முடியும். அதற்கு ஈஸ்ட்டின் மாப்பிள்ளை வீட்டு வாசனையை ஊற்றுவோம். ஈஸ்ட்டிலும் இரண்டு வகை உண்டு. எதிர் வகையின் வாசனை பட்டால் செல் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, வாசனை வந்த பக்கமாக மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்கும்.

பாத்திமா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "எல்லாம் மூக்க நீட்டிட்டுக்கா. நீங்க ஒராளுதான் இன்னும் நீட்டல" என்றாள்.

"எனக்கு வந்த மாப்பிள்ளையெல்லாம் அப்படி ஒண்ணும் மணக்கலட்டி."

சரியான முப்பத்தொன்றுக்கு வாசனை மெதுவாகத்தான் ஏறியது. அரைமணி கூடுதலாகக் காத்திருந்தோம். பிறகு வாசனையைக் கழுவி எடுத்தோம். கல்யாணம் நின்றுபோனது என்று தெரிந்ததும் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கின. அங்கிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டும். பதின்மூன்று மாதிரி. நான் கடிகாரத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பேன், அவள் எடுத்துத் தருவாள், நான் இயந்திரத்தில் சுழற்றி உறையவைப்பேன். இரண்டு மணிநேரம் வேறு பேச்சில்லை. இருபது, முப்பது, நாற்பது என்று நான் சொல்லச் சொல்ல அவள் கை நீண்டுகொண்டே இருந்தது. 

இந்த வேலைக்கு ஜெர்மனியில் அவளுக்கு யார் குரல் கொடுப்பார்களோ. இயந்திரம் இருக்கும்.

செப்டம்பர் 8, வெள்ளி

பகல் மூன்று மணிக்கு இருட்டறையில் பிலிமைக் கழுவினோம். சிவப்பு விளக்கில் முதல் பிலிம் தெளிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த புரதம், முதல் மேஸ்திரியின் ஆள், வந்தது, தடித்தது, எழுபதாம் நிமிடத்தில் காணாமல் போனது. இந்த ரகத்தில் அரவை நன்றாகத்தான் ஓடுகிறது.

இரண்டாவது பிலிம் வாடகைக்காரருடையது. பாத்திமா தட்டில் அதைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா."

மாதிரிக்கு ஒரு தடம். நான் குனிந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ஏழு இருக்கு. எட்டு இருக்கு. ஒம்பது இருக்கு." சாதாரண ஈஸ்ட்டில் பத்தாவதில் போய்விடும். பத்தாவதைப் பார்ப்பதற்கு முன் நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

"என்னக்கா?"

"இருக்குட்டி. பத்து இருக்கு. பதிமூணு வரைக்கும் இருக்கான் மனுசன்."

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கையில் டெவலப்பர் சொட்டியது. கட்டிப்பிடிக்க முடியாமல் கைகளைத் தூக்கிக்கொண்டே நின்றேன்.

செப்டம்பர் 13, புதன்

இரண்டாவது தடவை. நிற்கிறார்.

செப்டம்பர் 20, புதன்

மூன்றாவது தடவை. நிற்கிறார். சார் அல்வா வாங்கிவரச் சொன்னார். அம்மாவின் மாத்திரையை மறந்துவிட்டு, திரும்பப் போய் வாங்கினேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

ஐந்து பிரதிகள், ஒவ்வொன்றும் செங்கல் கனம். அலுவலக மேஜையில் வைத்து முத்திரை வாங்கினோம். நான்காம் அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறாள்: முதலில் பயன்படுத்திய ரகம் தவறானது, அதன் முடிவுகள் விலக்கப்பட்டன, சரிபார்க்காதது ஆய்வாளரின் பிழை. என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. "ஏட்டி, தப்பு என்னதுல்லா" என்றேன். "சரிபாக்கத் தேவையில்லன்னு எழுதுனது என் கைல்லா" என்றாள்.

அக்டோபர் 14, சனி

வண்ணார்பேட்டையில் அவளுக்குக் கம்பளிக் காலுறை தேடி அலைந்தோம். மூன்று கடையில் இல்லை. நாலாவது கடைக்காரர் மின்விசிறிக்குக் கீழே நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டே எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஊட்டிக்கா போறிய?" என்று கேட்டார். 

அலைந்த களைப்பில் ரோஸ்மில்க் குடிக்க உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னாள். சாருக்குப் புதிதாக ஒரு வருடத் திட்டம் வந்திருக்கிறதாம். விருப்பமென்றால் இங்கேயே இருந்து அதைப் பார்க்கலாம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இங்கே சேர்ந்தால் ஜெர்மனி இல்லை.

"மலரக்கா, ஒண்ணு கேப்பேன். உண்மையச் சொல்லணும்."

"கேளு."

"அந்த மூணு நாளு. பயம்னு சொன்னிய. அது மட்டுந்தானா? நான் போகாம இங்கனயே கெடந்தா நல்லதுன்னு கொஞ்சமாவது நெனச்சியளா?"

"ஏன் கேக்கே?"

"நான் நெனச்சேன்க்கா. இருட்டறையில கண்ண மூடுனேன்லா, அந்தப் பட்டை போயிருக்கணும்னுதான் நெனச்சேன். போயிருந்தா யாரும் என்னப் போன்னு சொல்லமாட்டாங்கள்லா. எனக்கு அங்க ஒராளத் தெரியாது. இப்பவும் நீங்க இருன்னு ஒரு வார்த்த சொன்னா சார் கடுதாசில கையெழுத்துப் போட்டுருவேன்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வயது. ஈஸ்ட்டின் ஒரு புரதத்தைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாததைத் தெரிந்துவைத்திருக்கிறவள். நான் பார்த்துக்கொள்கிற உறைபெட்டிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வருடம், அப்புறம் இன்னும் ஒரு வருடம். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது!

"ஏட்டி கோட்டிக்காரி" என்றேன். "ஒந் தொல்ல விட்டாப் போதும்னு அஞ்சு வருசமா ஏசப்பாகிட்ட கேட்டுட்டு இருக்கேன். நான் எதுக்கு அப்படி நெனைக்கேன்? ஒரு நாளும் நெனச்சதில்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

டம்ளரைத் தள்ளிவைத்தாள். முகம் வாடித்தான் போனது. பிறகு, "சரி" என்றாள். "அப்பம் காலுறைய மதுரையிலதான் பாக்கணும்."

பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அக்டோபர் 16, திங்கள்

பாத்திமா சாரிடம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பயணம் 28ஆம் தேதி. நான் பக்கத்திலேயே நின்றேன், முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு.

குப்பி விஷயத்தை மூன்று நாள் மறைத்ததற்கு இன்றைக்கும் கூசுகிறேன். சனிக்கிழமை சொன்ன பொய்யை மட்டும் எந்தக் காலத்திலும் அவளிடம் திருத்தப்போவதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பாள்.